பதினொரு விதமாகத் தெய்வானை

ஜனவரி 27, திங்கள்

பதினொரு விதமாம். ஒரே பேரை இங்கிலீசில் பதினொரு விதமாக எழுதலாம் என்று என் மகன் பூபதி ஒரு பேப்பரில் அச்செடுத்து வந்து, இட்டிலித் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராகப் புள்ளி வைக்கிறான். சாம்பார்க் கையால். பார்க்கச் சகிக்கவில்லை.

குழந்தை பிறந்து இன்றைக்கு இருபது நாள். கழுத்து நிற்கவில்லை, கண் சரியாகப் பதியவில்லை. அதற்குள் அதன் பேருக்கு இத்தனை ரகளை.

பேர் என்னவோ நான் சொன்னதுதான். என் பேர் துளசிமணி. உசிரோடு இருக்கிற அப்பத்தா பேரைப் பேத்திக்கு வைத்தால், பின்னால் யாரும் அந்தப் பிள்ளையை வாய்விட்டுத் திட்ட முடியாது. அதனால் என் மாமியார் பேரை வைக்கச் சொல்லிவிட்டேன். தெய்வானை. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. நாற்பத்தாறு வருசத்தில் நான் ஒரு தரம் சொன்னதில்லை. எழுதுவதற்குத் தடை இல்லை. அஞ்சாவதோடு நிறுத்தினார்கள் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் மற்ற பிள்ளைகளைக் குட்டுவார்.

இங்கிலீசில் ரெண்டு டி இருக்கிறதாம். குடை மாதிரி ஒன்று, தொப்பை வைத்தது ஒன்று. குடை டியில் ஆரம்பித்தால் ஒரு சத்தம், தொப்பை டியில் ஆரம்பித்தால் வேறொரு சத்தம், கூட ஒரு எச் சேர்த்தால் இன்னொரு சத்தம். நடுவில் ஒரு ஏயா, ரெண்டு ஏயா. மருமகள் சிந்துஜா கட்டிலில் படுத்தபடியே, "ஏனுங்க, ரெண்டு ஏ போட்டாத்தான் ராசி எண் அஞ்சு வருது" என்கிறாள். பச்சை உடம்புக்காரி, தூங்க வேண்டியவள், விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேசன் ஆனதால் பிள்ளைப்பேறு பார்ப்பது என் தலையில் விழுந்திருக்கிறது. விழட்டும். என் பேத்தி.

பேர் வைப்பது பிப்ரவரி பதினாறு, ஞாயிறு. நாற்பதாம் நாள்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்றைக்குப் பன்னிரண்டு விதம் ஆகிவிட்டது. கருமம்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி இடித்துக் காய மருந்து கிளறினேன். கை எரிகிறது. சிந்துஜா ஒரு உருண்டையை வாயில் போட்டுவிட்டுக் கண்ணீர் விட்டாள். "முழுங்கு கண்ணு, கர்ப்பப்பை ஆறணும்" என்றேன். முழுங்கினாள். நல்ல பிள்ளைதான். ஆனால் குழந்தைக்கு நாளெல்லாம் அந்தப் பஞ்சுப் பொட்டலத்தைக் கட்டி வைக்கிறாள். மூத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரு சீவன் தூங்குமா? கழற்றி எறியும்போது வருகிற நாத்தம் கொல்லை வரைக்கும் வீசுகிறது. பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தால், "துணியில் ஈரம் பட்டா சளி பிடிக்குமாமுங் அத்தை" என்கிறாள். யார் சொன்னது? போன் சொன்னது.

தினமும் பதினொரு மணிக்கு அந்தப் போன் வருகிறது. நியூமராலஜி மேடமாம். பேர் எழுத்தைக் கூட்டிக் கழித்துப் பலன் சொல்கிறவளாம். சிந்துஜா குழந்தையை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறாள். குழந்தை தும்மினது, கொட்டாவி விட்டது எல்லாம் அவளிடம் ஒப்பிக்கிறாள். முகம் தெரியாதவளிடம் என் பேத்தி தும்மலைப் பற்றி என்ன பேச்சு?

அத்தை மடிதான் இப்போது எனக்குக் கவலை. எங்கள் வழக்கத்தில் குழந்தையின் அத்தை, அதாவது அப்பன் கூடப் பிறந்தவள், பலகையில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வாங்கி, காதில் மூன்று தரம் பேர் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பெத்தவள்கூடச் சொல்லக்கூடாது.

பூபதிக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வருசம் ஆயிற்று. வேற ஆளுங்க வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். இனிமேல் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று அவுங்க, அதாவது பூபதி அப்பா, உத்தரவு போட்டுவிட்டார்கள். போட்டவர்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருசம். செத்தவர்கள் உத்தரவை மாற்ற நான் யார்.

கொழுந்தனார் மகள் சரோசாவை உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன். அதுவும் அத்தை முறைதான்.

பிப்ரவரி 3, திங்கள்

பத்திரிகை அடிக்க பூபதியோடு அச்சாபீசுக்குப் போனேன். பூபதி வாசலிலேயே போனில் நின்றுவிட்டான். அச்சாபீசுக்காரன் என்னிடம், "பாப்பா பேருங்கம்மா?" என்றான்.

வாயைத் திறந்தேன், மூடினேன்.

"முருகனுக்குச் சம்சாரம்" என்றேன்.

"வள்ளிங்களா?"

"இன்னொண்ணு. மூத்தது."

"ஓ! தேவயானி. நல்ல பேருங்க."

"சீ, அது இல்ல" என்று பேனாவைப் பிடுங்கி எழுதிக் காட்டினேன். எழுத்தைப் பார்த்துவிட்டு, "அச்சு மாதிரியே இருக்குதுங்கம்மா" என்றான். கெட்டிக்காரன்.

"இங்கிலீசுல எப்படிங்க போடறது?" என்று கேட்டான். பூபதி உள்ளே வந்து, "இன்னும் முடிவாகலீங்க, அந்த எடத்தை விட்டு வைங்க" என்றான். இத்தனை வயசு ஆன ஆம்பிளை, சொந்த மகள் பேர் முடிவாகவில்லை என்று ஊரான் ஒருத்தனிடம் சொல்கிறான். எனக்குக் கூசியது.

அச்சாபீசுக்காரன் விடவில்லை. "அத்தைன்னு ஒரு வரி வருமுங்களே. அத்தை பேரு?"

பூபதி என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தேன்.

"சரோசான்னு போடப்பா" என்றேன்.

"சித்தப்பா பொண்ணுன்னு போட்டறலாமா? இல்ல சும்மா அத்தைன்னு போட்டா எல்லாரும் நம்பிக்குவாங்களாம்மா?" என்று பூபதி கேட்டான். குரல் உயரவே இல்லை. அப்பன் மாதிரியே. கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவான்.

வண்டியில் வரும்போது ரெண்டு பேரும் பேசவில்லை. சென்னிமலையே தறிச் சத்தத்தில் ஓடுகிற ஊர், அதனால் பேசாதது பெரிதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

சம்பந்தி, சிந்துஜா அப்பா, அவருடைய சோசியக்காரரிடம் கேட்டு ஒரு புது எழுத்து அனுப்பியிருக்கிறார். நடுவில் வி ரெண்டு போட வேண்டுமாம். அந்த இன்னொரு வி எதற்கு? சத்தம் மாறுமா? மாறாதாம். பிறகு எதற்கு? பிள்ளை வெளிநாடு போகுமாம். என் மாமியார் ஈரோட்டைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் அவளுக்குப் பயந்து மூன்று தெரு அடங்கி நடந்தது. வி இல்லாமலே.

பதினொரு மணிப் போனில் சிந்துஜா இதைச் சொன்னாள் போல. வெளியே வந்து, "ரெண்டு வி வேண்டாம்னு சொல்லிட்டாங்க அத்தை. பள்ளிக்கூடத்துல ஒரு சர்ட்டிபிகேட்டுல ரெண்டு, இன்னொண்ணுல ஒண்ணுன்னு வந்துட்டா, புள்ளைங்க பரீட்சை சமயத்துல அழுதுட்டு ஆபீஸ் வாசல்ல நிக்குமாம். எத்தனையோ பேரைப் பாத்திருக்காங்களாம். எழுத்து எத்தனை கொறைச்சலோ அத்தனை நல்லதுன்னாங்க" என்றாள்.

முதல் தடவையாக அந்தப் பொம்பளை உருப்படியாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறாள். ஆனால் பலன் சொல்கிறவளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று தெரியவில்லை. கேட்டேன். சிந்துஜா குழந்தைக்கு விக்கல் என்று உள்ளே போய்விட்டாள். குழந்தை விக்கவில்லை.

தொட்டில் துணி எட்டு துவைத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பூபதி ஒரு பை சப்போட்டாப் பழம் வாங்கி வந்து மேசை மேல் கொட்டினான். எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். எனக்கு அந்த வாசம் ஆகாது.

அவள் கட்டிக்கொண்டு போன அந்தப் பையன் ஒரே ஒரு தரம் இந்த வீட்டுக்கு வந்தான். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து. மூக்குக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற உத்தியோகம். கையில் சப்போட்டாப் பை. அவளை வண்டியிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே வந்து, "பேசிட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சொல்லாமல் உட்கார்ந்தான். அவன் எழுந்து போனதும் நாற்காலியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய்ப் பொடி போட்டுத் தேய்த்தேன். பழத்தைக் குப்பைக் குழியில் கொட்டினேன். உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி ஓர் அருவருப்பு. சாயங்காலம் வரை சோறு இறங்கவில்லை.

அவுங்க நான் குழிக்குக் கொண்டு போவதற்கு முந்தி ஒரு பழத்தை எடுத்துத் தின்றார்கள். "இனிப்பா இருக்குது துளசி" என்றார்கள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிந்துஜா குளிக்கப் போயிருந்தாள். குழந்தை என் காலில் கிடந்தது, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் மேல் போன் அடித்தது. நியூமராலஜி மேடம் என்று தமிழிலேயே எழுத்து வந்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பத்து நாளாக அடக்கி வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. எண்ணெய்க் கையோடு எடுத்தேன்.

"ஏம்மா, யாரு நீ? என்ற பேத்தி பேருல எழுத்துக் கூட்டிக் கழிக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? பச்ச ஒடம்புக்காரியப் புடிச்சு வெச்சுட்டுத் தெனமும் அரை மணி நேரம் என்ன பேச்சு? அடுத்தவங்க ஊட்டுக் கொழந்தை மேல உனக்கென்ன அக்கறை? உனக்குப் புள்ள குட்டி இல்லையா?"

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா" என்றது.

எண்ணெயில் வழுக்கின போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்குப் புள்ள இல்லம்மா. அதனாலதான் தெனமும் கேக்கறேன்."

கலாமணி.

பன்னிரண்டு வருசமாகக் கேட்காத என் மகள் குரல். குழந்தை காலில் நெளிந்தது. எண்ணெயில் வழுக்கிவிடும் என்று போனைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிமிசம் சிந்துஜா ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றாள். கீழே கிடந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணி ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க அத்தை. சர்ட்டிபிகேட் எழுதறது அவங்கதான். அவங்க கிட்டக் கேட்டா நல்லதுன்னு இவரு சொன்னாரு. உங்க கிட்டச் சொல்லப் பயம்."

"எத்தனை நாளா?"

"எங்க கல்யாணத்துல இருந்துங்க. இவரு அதுக்கும் முன்னால இருந்து."

என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு மேடத்தை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். சீ.

பிப்ரவரி 10, திங்கள்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்குப் பூசம். தெருவெல்லாம் காவடி. நான் வெளியே போகவில்லை.

பூபதி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சரோசா பலகையில உக்காந்தா நான் கொழந்தையத் தூக்கிட்டு வெளிய வரமாட்டேன்மா. அக்கா சொன்னாத்தான் பேரு. இல்லாட்டி அது பாப்பான்னே இருக்கட்டும்."

"உங்கப்பா போட்ட உத்தரவுடா அது."

அவன் என் கையிலிருந்து கீரைக் காம்பை வாங்கிக் கீழே வைத்தான். "அம்மா, ஆஸ்பத்திரில அவரு கட்டலுக்குப் பக்கத்துல மூணு நாளும் நானும்தான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். எழுந்து போய்விட்டான்.

எழுதினால் எழுதினதுதான், கிழிக்க மாட்டேன். அவுங்க உத்தரவு எதுவும் போடவில்லை. போட்டது நான். அவுங்க அன்றைக்கே, "போனது போகட்டும் துளசி, வரட்டும் போகட்டும்" என்றார்கள். நான்தான், அவள் வந்தால் விழுந்துவிடுவேன் என்று கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். அவுங்க பயந்துவிட்டார்கள். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் அவுங்க உத்தரவு என்று நானே சொன்னேன். ஆம்பிளை உத்தரவு என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் அவளைக் கேட்டார்கள். "மணி வந்தாளா, மணி வந்தாளா" என்று. வருகிறாள், வருகிறாள் என்றேன். சொல்லி அனுப்பவே இல்லை. செத்த அன்றைக்கு யார் மூலமாகவோ தெரிந்து வந்தாள். தெருமுனையில் நிறுத்தி வைக்கச் சொல்லி நான்தான் பங்காளிகளுக்குக் கண்ணைக் காட்டினேன். தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் அங்கேயே நின்றாளாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு வந்த சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் என் வைராக்கியத்தைப் பேசினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்று எழுதும்போது பேனா வழுக்குகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

கலாமணி இருக்கிற ஊத்துக்குளிக்குப் போனேன். ரெண்டு பஸ் மாறி. யாரிடமும் சொல்லவில்லை, சிந்துஜாவிடம் மட்டும் முகவரி எழுதி வாங்கினேன். தாம்பாளம், வெத்தலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு சேலை. அழைப்பது என்றால் முறையாக அழைக்க வேண்டும்.

எப்படிப்பட்ட வீடோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு நாத்தத்தை எதிர்பார்த்து மூக்கைச் சுருக்கியே வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. ரெண்டு ரூம் வீடு. வாசல் தெளித்து, மழமழவென்று இருந்தது. ஒரு கொடியில் வெள்ளை வேட்டியும் ரெண்டு சேலையும். சாம்பிராணி வாசம். என் வீட்டில் அந்தப் பஞ்சுப் பொட்டல வாசம்தான் ஒரு மாசமாக.

கதவைத் திறந்தது அவள் மாமியார். ராமாயி என்று பேர். என் வயசு இருக்கும், என்னைவிட ஒல்லி. என்னைப் பார்த்ததும் யார் என்று சொல்லாமலே தெரிந்துகொண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் போனாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். தான் உட்காரவில்லை. தண்ணீர் கொண்டு வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் சொம்பைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நின்றாள்.

நானே வாங்கிக் குடித்தேன். தண்ணீர்தான். ஒன்றும் ஆகவில்லை. குமட்டும் என்று காத்திருந்தேன், குமட்டவில்லை. பன்னிரண்டு வருசம் எதைக் கண்டு முகம் சுளித்தேனோ, அது இந்தச் சொம்பில் இல்லை.

கலாமணி பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். காதோரம் நரைத்திருக்கிறது. முப்பத்தெட்டு வயசுக்கு அத்தனை நரை. தாம்பாளத்தைப் பார்த்தாள், தொடவில்லை.

"ஞாயித்துக்கெழமை வந்து கொழந்தைக்குப் பேரு சொல்லு" என்றேன். வரும் வழியில் எத்தனையோ நினைத்து வைத்திருந்தேன். இதுதான் வாயில் வந்தது.

"நான் மட்டுமா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"உன்ற ஊட்டுக்காரரு. இவிங்க. எல்லாரும்."

சிரித்தாள். அவள் சிரிப்பு மாறவில்லை, ஒரு பக்கம்தான் ஏறும். "நாலு மணி நேரம் நின்னேன்மா அந்தத் தெருமுனையில. ஒரு பைப்பு இருக்குமல்ல, மளிகைக் கடைக்கிட்ட, அதுக்குப் பக்கத்துல. அப்பாவை அந்த வழியாத்தான் கொண்டு போனாங்க. துணி மட்டும் தெரிஞ்சுது. இனி அந்தத் தெருவுக்குள்ள என்ற கால் வராது."

"அப்பறம் பேரு யாரு சொல்லறது?"

"நாந்தான் சொல்லணும். எனக்குச் சொல்லணும்னுதான் ஆசை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொழந்தையை இங்க கொண்டாங்க. இந்த ஊட்டுல, இவிங்க முன்னால, சொல்லறேன். நீங்க உங்க கையால தூக்கிட்டு வரணும். பூபதி கையில குடுத்து அனுப்பக்கூடாது."

ராமாயி பதறிப்போய், "ஏனம்மிணி, அவங்களைப் போயி அப்படியெல்லாம் சொல்லிட்டு" என்றாள்.

"நீங்க சும்மா இருங்க அத்தை" என்றாள் கலாமணி. அத்தை என்று அவளைச் சொன்னாள். எனக்கு நெஞ்சில் எங்கேயோ சுருக்கென்றது. அவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். தாம்பாளத்தை அங்கேயே விட்டுவிட்டேன். வேண்டுமென்றா, மறந்தா என்று என்னைக் கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பூபதியிடம், "ஞாயித்துக்கெழமை ஊத்துக்குளில வெச்சுக்கலாம். கார் சொல்லு" என்றேன். அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். நுரையோடு அப்படியே நின்றான். போய்க் கொப்பளிடா என்றேன்.

பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே போன் போட்டேன். இடம் மாறியிருக்கிறது, இன்ன ஊர், இன்னார் வீடு, வர விருப்பம் இருக்கிறவர்கள் வாருங்கள் என்றேன். சிலர் சத்தமில்லாமல் வைத்துவிட்டார்கள். சரோசா அம்மா நஞ்சம்மாள் மட்டும் வைக்கவில்லை.

"என்றக்கா, உனக்குப் புத்தி பெசகிப் போச்சா? அவிங்க ஊட்டுல போயிக் கை நனைப்பியா?"

"நனைப்பேன்."

"நீ போனாலும் போ. நாப்பது நாள் ஆன பச்சக் கொழந்தைய அங்க கொண்டு போயி, அவிங்க தொட்டு, அவிங்க தூக்கி... யப்பா, நெனச்சாலே எனக்குக் கொமட்டுதுக்கா."

என் வார்த்தை. இழுவை மாறாமல், அந்த யப்பா உட்பட, அப்படியே என் வார்த்தை. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி இதே நஞ்சம்மாளிடம் நான் சொன்னதுதான். இன்னொருத்தி வாயில் கேட்டபோது, வாயில் போட்ட சோற்றில் மயிர் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது.

"கொமட்டுனா எலுமிச்சங்காயை மோந்து பாரு" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

பட்டுத்துணி எடுத்து வைத்தேன். வசம்புக் காப்பு கட்டினேன். எழுத்து இன்னும் முடிவாகவில்லையாம். பூபதி அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். எனக்கென்ன.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாங்கள் நாலு பேர், சம்பந்தி வீட்டில் ரெண்டு பேர். எங்கள் ஒறம்பரையில் ஒருத்தரும் வரவில்லை. சம்பந்தியம்மா வண்டியை விட்டு இறங்கக் கஷ்டப்பட்டாலும் இறங்கினார். அந்த வீட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள். நாங்கள் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

குழந்தையைச் சிந்துஜாவிடமிருந்து வாங்கி, நான்தான் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். மூன்று படி. மாப்பிள்ளை, அருள்சோதி என்று பேர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வாங்க அத்தை" என்றான். நானும் "நல்லாயிருக்கீங்களா" என்று கேட்டேன். முதல் தடவை.

கலாமணி பலகையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் தாம்பாளத்தில் வைத்த சேலையைக் கட்டியிருந்தாள். அவள் மடியில் குழந்தையைப் போட்டேன். குனிந்து, வலது காதில் மூன்று தரம் சொன்னாள். வெளியே யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக. குழந்தை வாயைக் கோணி ஒரு கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பிறகுதான் அங்கே எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

பூபதி பேப்பரை எடுத்து நீட்டினான். கலாமணி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் தொப்பை டி போட்டு எழுதிக் கொடுத்தாள். எச் இல்லை, ரெண்டு ஏ இல்லை, ரெண்டு வி இல்லை. சம்பந்தி, "ராசி எண்ணு..." என்று ஆரம்பித்தார். "சும்மா இருங்கப்பா" என்றாள் சிந்துஜா. முடிந்தது. மூன்று வாரமாக ஒரு வீட்டையே நாறடித்த சங்கதி அரை நிமிசத்தில் முடிந்தது.

சாப்பிட்டேன். எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன். அவரைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது குழந்தை மறுபடி என்னிடம்தான் இருந்தது. ராமாயி கொஞ்சம் தள்ளி, சுவரோரம் நின்றாள். காலையிலிருந்து அவள் குழந்தைக்குப் பக்கத்தில் வரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் வீட்டில், தன் மருமகள் மடியில் இருந்த குழந்தையை, எட்டி நின்றே பார்த்திருக்கிறாள்.

"தூக்கிக்கட்டுங்களாம்மா? சித்த நேரம்தான்" என்று கேட்டாள். கேட்பதற்கு முன்னால் ரெண்டு கையையும் சேலையில் அழுத்தித் துடைத்தாள். கழுவின கைதான். ஈரம்கூட இல்லை.

குழந்தையை அவள் கையில் வைத்தேன்.

வாங்கினவள் கொஞ்சவில்லை, ஆட்டவில்லை. தலையை ஒரு தரம் மோந்து பார்த்தாள். அப்புறம் என் பேத்தி முகத்துக்கு நேராகக் குனிந்து, என்னைப் பார்க்காமல், அதனிடம் மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"உன்ற அப்பத்தா ரொம்ப நல்லவிங்க கண்ணு."

என் மாமியார் என்னை ஏசாத ஏச்சு இல்லை. ஊரும் ஏசியிருக்கிறது. எதுவும் என்னை ஒன்றும் செய்ததில்லை. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும், தின்ற சோறு அத்தனையும் நெஞ்சுக்கு ஏறி வந்து நின்றது. இப்போது வீட்டுக்கு வந்து இதை எழுதுகிற வரைக்கும் இறங்கவில்லை.